"சூடு" என்று அவன் கத்தியது அங்கே யாருக்கும் புரியவில்லை

சிங்கப்பூரில் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களையும் இல்லங்களையும் நடத்துகிறவர்களுக்கும், உடற்குறை மதிப்பீடு செய்யும் மருத்துவர்களுக்கும் சமூக ஊழியர்களுக்கும், இவற்றுக்கெல்லாம் நிதியும் விதிமுறையும் தரும் அமைச்சுகளில் இருப்பவர்களுக்கும், வணக்கம்.

என் தம்பிக்கு 42 வயது. பிறந்ததிலிருந்தே அறிவுத்திறன் குறைபாடு, வலது பக்கக் கையும் காலும் சரியாக ஒத்துழைக்காது. அவனுடைய கோப்பின் முதல் பக்கத்தில் "பேச்சு இல்லாதவர்" என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் பல வருடங்களாக இருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் முந்தைய நிலையத்தின் கோப்பைப் பார்த்து அதையே எழுதிக்கொள்கிறது. ஆனால் அவன் பேசுவான். முழு வாக்கியமாக வராது, ஒருநாள் நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது 31 சொற்கள் இருந்தன. தண்ணி, சோறு, போதும், வேணாம், வலி, சூடு, அக்கா, லைட்டு, பஸ்ஸு, பயம், இப்படி. "பயம்" என்று சொல்லத் தெரிந்த ஒருவனைப் பேச்சு இல்லாதவன் என்று எழுதிவிட்டார்கள், ஏனென்றால் எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, தெரிந்தவர் யாரையாவது கேட்கவேண்டும் என்று படிவத்திலும் இல்லை.

போன வருடம் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அம்மாவுக்கு 71 வயது, அப்பா இல்லை, நான் வேலைக்குப் போகிறவள், எனக்கும் இரண்டு பிள்ளைகள். அதனால் தம்பியை இரண்டு வாரம் ஓர் இல்லத்தில் விட்டோம். எந்த இல்லம் என்று சொல்லப்போவதில்லை, அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஒரு ஷிஃப்டில் ஒருவர் எத்தனை பேரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிடுகிறார் என்பதை என் கண்ணால் பார்த்தேன். ஐந்தாம் நாள் போனபோது தம்பியின் முதுகும் தோளும் சிவந்திருந்தன. கேட்டால், குளிப்பாட்டும்போது ரொம்பக் கத்துகிறார், தள்ளிவிடுகிறார், இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருக்கிறது என்றார்கள். குறிப்பேட்டிலும் எழுதியிருந்தது: ஒத்துழைப்பதில்லை, முரட்டுத்தனம். என்ன சொல்லிக் கத்தினான் என்று கேட்டேன். பிலிப்பினோ பராமரிப்பாளர் ஒருவர், பாவம், யோசித்துப் பார்த்து அந்த ஒலியை அப்படியே திருப்பிச் சொன்னார். "சூடு, சூடு." பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்மணி, அவன் "சுடா" என்று சொல்வதாகத்தான் நினைத்தாராம். மலாயில் சுடா என்றால் முடிந்துவிட்டது. சீக்கிரம் முடிக்கச் சொல்கிறான் போல என்று அவரும் வேகவேகமாகத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்.

வீட்டில் அம்மா வாளியில் வெந்நீரை விளாவி, புறங்கையில் ஊற்றிப் பார்த்து, "சூடா இருக்கா சாமி?" என்று அவனைக் கேட்டுவிட்டுத்தான் முதல் சொம்பை ஊற்றுவார். 42 வருடமாகக் கேட்டு, பதில் வாங்கிப் பழகிய கேள்வி அது. அவன் பதில் சொன்னான். ஐந்து நாளும் சொன்னான்.

சிவப்பு நான்கு நாளில் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் குளியலறை வாசலுக்குப் போனாலே "பயம்" என்றான். இதையெல்லாம் நான் புகாராகக் கொடுக்கவில்லை. கொடுத்தால் யார்மேல் கொடுப்பது? அந்தப் பிலிப்பினோ பெண்மேலா, அந்த மலாய் அக்காமேலா? அவர்கள் தம்மால் முடிந்ததைச் செய்தார்கள். அவனைச் சேர்க்கும்போது நான் நிரப்பிய எட்டுப் பக்கப் படிவத்தில் அவன் இனம் கேட்டார்கள், மதம் கேட்டார்கள், மாட்டிறைச்சி சாப்பிடுவானா என்று கேட்டார்கள். எந்த மொழியில் சொன்னால் அவனுக்குப் புரியும் என்று ஒரு வரி இல்லை. இனம் என்ற இடத்தில் "இந்தியர்" என்று போட்டாயிற்று, அதோடு சரி.

அந்த "இந்தியர்" என்ற சொல்லால் எங்களுக்கு வரும் சிக்கலை வெளியே இருக்கிறவர்களுக்கு விளக்குவது கஷ்டம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடியிருப்பாளர்களில் சுமார் 9 விழுக்காட்டினர் இந்தியர்கள். ஆனால் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். மற்ற இந்தியர்கள் வீட்டில் ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு, இந்தி, பஞ்சாபி என்று பலவும் பேசுகிறார்கள். மொழிபெயர்க்க யாராவது வேண்டும் என்றால் வார்டில் யார் இந்தியர் மாதிரி இருக்கிறாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் விஷயத்தில் அப்படி வந்தவர் கேரளத்திலிருந்து வந்து சில மாதமே ஆன ஒரு தாதி. நல்ல பெண். தமிழ்ப் படம் பார்த்துக் கற்ற தமிழை வைத்துக்கொண்டு, தன் வேலையையும் விட்டுவிட்டு, எங்களுக்கு உதவ வந்தார்.

அது தம்பியின் உடற்குறை மதிப்பீட்டு நாள். 2020 அக்டோபரில் தொடங்கிய, நீண்டகாலப் பராமரிப்புக்கான கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதித் திட்டத்தில், 1980 முதல் 1990 வரை பிறந்தவர்கள் ஏற்கெனவே உடற்குறை இருந்தாலும் தானாகச் சேர்க்கப்பட்டார்கள். தம்பி 1983, அவனும் சேர்ந்தான். அரசாங்கத்துக்கு இதற்காக நன்றி சொல்லவே விரும்புகிறேன், எங்களைப் போன்றவர்களைக் காப்புறுதி நிறுவனங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பணம் கிடைக்க, ஆறு அன்றாடச் செயல்களில் குறைந்தது மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவர் என்று மதிப்பீட்டாளர் சொல்லவேண்டும்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடப்பது அல்லது நகர்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. வீட்டில் பராமரிப்பவர்களுக்கான மாதாந்திர மானியத்துக்கும் இதே ஆறு செயல்கள்தான் கணக்கு. 2019இல் 200 வெள்ளியாகத் தொடங்கிய அது 2023இல் 400 வெள்ளி வரை உயர்ந்தது. அதாவது ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் என்ன வரும் என்பது அந்த அரை மணி நேரக் கேள்வி பதிலில் முடிவாகிறது.

அன்று எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, அம்மா மட்டும் தம்பியோடு போனார். "மகன் சாப்பிடுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நல்லாச் சாப்பிடுவான்" என்றார் அம்மா. உண்மைதான், அம்மா பிசைந்து ஊட்டினால் இரண்டு தட்டு சாப்பிடுவான். "உடுப்பு போடுமா?" "போட்டுக்குவானே." ஆமாம், அம்மா கையைத் தூக்கிப் பிடித்துச் சட்டையை மாட்டினால் போட்டுக்கொள்வான். "குளிக்குமா?" "தினம் ரெண்டு வேளை." கேள்வி என்னவென்றே அம்மாவுக்குத் தெரியாது. யார் துணையும் இல்லாமல் தானாகவே செய்வானா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் தமிழில் அதைக் கேட்கும் விதம் வேறு. அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும்போது பெற்ற பிள்ளையைப் பற்றி "அவனுக்கு ஒண்ணும் வராது" என்று எங்கள் வீட்டுத் தாய்மார்கள் சொல்லமாட்டார்கள். பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேசுவது பாவம் என்று நினைப்பவர்கள். மருத்துவர் எதிரில் அம்மா தன் மகனை உயர்த்திப் பேசினார், மருத்துவர் அதை அப்படியே தரவாக எடுத்துக்கொண்டார்.

ஆறில் ஒன்றுதான் முடியாதது என்று முடிவு வந்தது.

மறுபடி விண்ணப்பித்து, நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக் கூடப் போய், ஒவ்வொரு கேள்விக்கும் வீட்டில் என்ன நடக்கிறது என்று விளக்கிய பிறகு சரியானது. இடையில் எட்டு மாதம் போய்விட்டது. எனக்கு ஆங்கிலம் வரும், சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தைக் கொண்டு இணையத்தில் நுழைந்து விண்ணப்பிக்கத் தெரியும், முடிவு தவறென்றால் மறுபடி கேட்கலாம் என்றும் தெரியும். அக்கா இல்லாத தம்பிகள் என்ன செய்கிறார்கள்?

தமிழில் துண்டுப்பிரசுரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைத்த பிறகு அச்சில் வரும் தமிழ் எவ்வளவோ தேறியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு தாளில் "அன்றாட வாழ்க்கை நடவடிக்கைகள்" என்று போட்டிருந்தது. அம்மா படித்துவிட்டு, "நடவடிக்கைன்னா என்ன, போலீஸ் எடுக்கிறதா?" என்று பயந்துபோய்க் கேட்டார். குளிக்க, உடுக்க, சாப்பிட என்று எழுதியிருந்தால் ஒரு சந்தேகமும் வந்திருக்காது. மொழிபெயர்த்த தாளை அம்மா வயதில் இருக்கும் நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். அப்புறம், தாளைவிட வாய் முக்கியம். எங்களுக்குத் தேவையானது, கேள்வி கேட்கும் அறையில் தமிழ் பேசும் ஒரு குரல்.

அது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. அரசியலமைப்பில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார். நீதிமன்றத்தில் ஒருவர் எனக்குத் தமிழ்தான் வரும் என்றால் உரைபெயர்ப்பாளரைக் கொண்டுவருகிறார்கள், அங்கே யாரும் தாழ்வாரத்தில் போகிற இந்தியரைக் கூப்பிட்டு நிறுத்துவதில்லை. தன் உடம்பைப் பற்றியும், தன்னை யார் தொடலாம், எப்படித் தொடலாம் என்பதைப் பற்றியும் பேசவேண்டிய இடத்தில் மட்டும் அந்த ஏற்பாடு இல்லாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2013இல் சிங்கப்பூர் ஏற்று உறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடற்குறையுள்ளோர் உரிமை உடன்படிக்கையின் முகப்புரையிலேயே, இனத்தாலும் மொழியாலும் கூடுதலாக ஒதுக்கப்படும் உடற்குறையுள்ளோரைப் பற்றிய கவலை இருக்கிறது. நம்முடைய மன ஆற்றல் சட்டமும், ஒருவருடைய நிலைக்கு ஏற்ற விதத்தில், எளிய மொழியிலோ படத்தாலோ விளக்கினால் புரிந்துகொள்கிறவரைப் புரியாதவர் என்று வைக்கக்கூடாது என்கிறது. தம்பியின் நிலைக்கு ஏற்ற விதம் தமிழ். அவ்வளவுதான் விஷயம்.

அவனுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்திருக்கலாமே என்று ஒரு சமூக ஊழியர் என்னிடம் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். 1990களில் தம்பி ஐந்து வருடம் சிறப்புப் பள்ளிக்குப் போனான். அப்போது இப்படிப்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, 2003இல் கட்டாயக் கல்வி வந்தபோதுகூட அவர்களுக்கு விலக்கு இருந்தது, 2019இல்தான் சேர்த்தார்கள். பள்ளியில் எல்லாம் ஆங்கிலம். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், இரண்டு மொழி கேட்டால் குழம்பிவிடுவான் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் அம்மா, பக்கத்து வீட்டாரோடு பேசிப் பேசி மலாய் சமாளிப்பார், ஆங்கிலத்தில் அவருக்கு "கம்", "ஈட்", "நோ" மட்டும் தெரியும். மகன் நல்லாயிருக்கவேண்டும் என்று அந்த மூன்று சொல்லோடு பல மாதம் வீட்டில் வாழ்ந்தார். அந்த மாதங்களில் தம்பி அடியோடு பேச்சை நிறுத்திவிட்டான். பிறகு அப்பாதான் போதும் என்று சொல்லித் தமிழைத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சு பின்தங்குவதில்லை என்று பல நாடுகளின் ஆய்வுகள் இன்று காட்டுகின்றன. ஆனாலும் அதே அறிவுரையை இன்றும் இளம் பெற்றோருக்கு யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், என்னிடமே இரண்டு தாய்மார்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். ஒரு தாயிடமிருந்து பிள்ளையோடு பேசும் மொழியை வாங்கிவிட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதாக நினைக்கவேண்டாம். தமிழாவது அதிகாரத்துவ மொழி. தெலுங்கோ பஞ்சாபியோ மட்டும் தெரிந்த பாட்டி மறதி நோயோடு இல்லத்தில் இருந்தால் அவர் நிலை இன்னும் மோசம். மலாய்க் குடும்பங்கள் பேச்சைச் சமாளித்துவிட்டாலும், வயது வந்த மகளை ஆண் ஊழியர் குளிப்பாட்டுவாரோ என்ற அச்சத்திலேயே நிலையத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தம்பியின் பகல்நேர நிலையத்தில் தியோச்சு என்ற சீனக் கிளைமொழி மட்டும் பேசும் ஒரு பெரியவர் இருக்கிறார், சீனர்தான், ஆனால் மாண்டரின் பேசும் ஊழியர் சொல்வது அவருக்கு எட்டவில்லை. தம்பியும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். "யார் செய்த பாவமோ" என்று கோயில் வாசலில் தம்பியைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டே பல குடும்பங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை வெளியே அழைத்து வருவதில்லை, உதவியும் கேட்பதில்லை, தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போகும்போதுதான் அப்படி ஒருவர் அந்த வீட்டில் இருப்பதே வெளியே தெரிகிறது. ஏப்ரல் மாதம் முழுவதும் தமிழ்மொழி விழா கொண்டாடுகிறோம், தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம் என்கிறோம். விழா நடத்தும் அமைப்புகளே, வாரத்தில் இரண்டு மணி நேரம் இல்லங்களுக்குப் போய்த் தமிழில் பேசிக்கொண்டிருக்கும் தொண்டூழியர்களை நீங்கள் திரட்டித் தரலாம். தம்பியின் 31 சொற்களும் தமிழ்தான்.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில், இனத்துக்குப் பக்கத்திலேயே, எந்த மொழியில் சொன்னால் இவருக்குப் புரியும், எந்த மொழியில் இவர் பேசுவார் என்று இரண்டு கேள்வி வையுங்கள். அந்த மொழியில் கேட்டுப் பார்க்காமல் "பேச்சு இல்லாதவர்" என்று எழுதுவதைத் தடுக்க ஒரு விதி போடுங்கள், ஏற்கெனவே அப்படி எழுதிய கோப்புகளைத் திருப்பிப் பாருங்கள். மதிப்பீட்டு நாளில் மொழி தெரிந்த, அந்த ஆறு செயல்களின் பொருள் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். நேரில் முடியாவிட்டால் தொலைபேசியிலாவது இருக்கட்டும். பத்து வயதுப் பேத்தியையும், அந்தப் பக்கம் போகிற தாதியையும் இதற்குப் பயன்படுத்தவேண்டாம். எல்லாருக்கும் தமிழ் பேசும் பேச்சு சிகிச்சையாளர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது எவ்வளவு அரிது என்று தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். ஆனால் வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைகளை அந்தப் படிப்புக்கு இழுக்க உபகாரச் சம்பளம் ஒதுக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பாருங்கள், இந்த ஊரில் செய்ய நினைத்தால் செய்துவிடுகிறார்கள். தம்பி கால் தடுமாறி, சக்கர நாற்காலியில் போக ஆரம்பித்தபோது எந்தப் பேருந்தில் ஏறுவது என்று அம்மா கவலைப்பட்டார். 2020 முடிவதற்குள் எல்லாப் பொதுப் பேருந்துகளும் சக்கர நாற்காலி ஏறும்படி ஆகிவிட்டன. இப்போது ஓட்டுநர் இறங்கி வந்து சாய்தளத்தை விரித்துப் போடுகிறார், தம்பி "பஸ்ஸு" என்று கை தட்டுகிறான், வண்டி முழுக்க இருப்பவர்கள் அரை நிமிடம் காத்திருக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

அந்தக் குளியலறை சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு தாள் தயாரித்தேன். 31 சொற்களையும் ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள், எப்போது சொல்வான், சொன்னால் என்ன செய்யவேண்டும் என்று போட்டேன். இப்போது போகும் பகல்நேர நிலையத்தில் அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். மியன்மாரிலிருந்து வந்த ஓர் இளைஞர் ஒரு வாரத்தில் பாதியைக் கற்றுக்கொண்டார். மதிய உணவு ஊட்டும்போது "போதுமா, வேணுமா?" என்று அவர் கேட்டதும் தம்பி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு "வேணும்" என்றான். முன்பு அவன் தட்டில் பாதிதான் காலியாகும், குறிப்பேட்டில் "பசி குறைவு" என்று இருக்கும். அதை இப்போது யாரும் எழுதுவதில்லை. இதற்கு ஆன செலவு ஒரு தாள், கொஞ்சம் பசை. அந்தத் தாளின் மாதிரி எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும் தருகிறேன், குடும்பங்களோடு உட்கார்ந்து அவர்களுடைய சொற்களை எழுதவும் வருகிறேன். ஆனால் அந்த இளைஞர் வேறு இடத்துக்கு மாறினால், புதிதாக வருபவர் அந்தத் தாளைப் பார்க்கவேண்டும் என்பதை என்னால் கட்டாயமாக்க முடியாது. உங்களால் முடியும்.

அடுத்த மாதம் தம்பிக்கு மறுபடி ஒரு மதிப்பீடு இருக்கிறது. என்னால் போக முடியுமா என்று தெரியவில்லை, அம்மா கண்டிப்பாகப் போவார். அவரிடம், "அம்மா, நீங்க பக்கத்துல இல்லாம, யாரும் கை கொடுக்காம, அவரே சோத்தை எடுத்து வாயில வச்சுக்குவாரா?" என்று கேட்க ஒருவரை அந்த அறையில் உட்காரவையுங்கள். தம்பியிடமும் கேட்கச் சொல்லுங்கள், அவன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா,
யீஷூன்